குதிரை வண்டியில் பியானோ விற்ற ஐபிஎம் தலைவர்

ஐபிஎம் நிறுவனத்தை 42 ஆண்டுகள் வழிநடத்திய தாமஸ் ஜே. வாட்சன் ஒரு விற்பனையாளராகத் தொடங்கியவர். அதுவும் தோல்வி மேல் தோல்வி கண்ட விற்பனையாளர்.

1874-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியர் வேலை ஒரே நாளில் கசந்துவிட்டது. கணக்கு எழுதினார். பிறகு குதிரை வண்டியில் ஆர்கனும் பியானோவும் ஏற்றிக்கொண்டு விவசாயிகளின் வீடு வீடாகப் போனார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் கைக்கு வந்ததோ சொற்ப வாரச் சம்பளம். கமிஷன் முறையில் விற்றிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும் என்று தெரிய வந்ததும் வேலையை விட்டுவிட்டார்.

பஃபலோ நகருக்குப் போய்த் தையல் இயந்திரம் விற்றார். ஒருநாள் நல்ல விற்பனை. அந்த மகிழ்ச்சியில் மதுக்கடைக்குள் நுழைந்து அளவுக்கு மீறிக் குடித்தார். வெளியே வந்தபோது குதிரை, வண்டி, சரக்கு எதுவும் இல்லை; எல்லாம் திருடு போயிருந்தது. வேலையும் போனது. பின்னாளில் ஐபிஎம் ஊழியர்களிடம் மது விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு பெயர்பெற்றது.

அடுத்து பங்கு விற்பனை. கூட்டாளி கமிஷன் பணத்துடன் ஓடிவிட்டார். கையிலிருந்த காசில் திறந்த இறைச்சிக்கடையும் மூடப்பட்டது. மிஞ்சியது தவணையில் வாங்கிய கேஷ் ரெஜிஸ்டர் இயந்திரம் மட்டுமே.

அதன் மீதித் தவணையைக் கடையின் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றப் போன இடம்தான் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் பஃபலோ கிளை. அங்கேயே வேலை கேட்டார். மேலாளர் ஜான் ரேஞ்ச் உடனே இணங்கவில்லை. வாட்சனும் விடவில்லை. 1896 நவம்பரில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

தொடக்கத்தில் ஓர் இயந்திரம்கூட விற்கவில்லை. வெறுங்கையுடன் திரும்பிய இளைஞரை ரேஞ்ச் கடுமையாகத் திட்டித் தீர்த்தார். அதோடு நிறுத்தாமல், தாமே உடன் வந்து கடைக்காரரிடம் எப்படிப் பேசி விற்பது என்று காட்டிக் கொடுத்தார். திட்டுகிற மேலாளர்கள் எங்கும் உண்டு. கூடவே நடந்து வருகிறவர்கள் குறைவு. சில ஆண்டுகளில் வாட்சன் முன்னணி விற்பனையாளரானார். ரேஞ்சைத் தந்தை போலவே கருதினார்.

அந்த நிறுவனத்தில் உயர்ந்த காலத்தில் ஒரு கறையும் ஒட்டியது. போட்டியாளர்களை முறைகேடாக ஒழிக்க முயன்ற வழக்கில், முதலாளி ஜான் பேட்டர்சனுடன் சேர்த்து அவருக்கும் 1913-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. அதற்கு முன்பே பேட்டர்சன் அவரை வெளியேற்றிவிட்டார்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1914-இல், தராசும் நேரப் பதிவுக் கடிகாரமும் கணக்கிடும் இயந்திரமும் செய்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு கேட்டு வாங்கினார். பியானோ விற்ற நாள்களை மறக்கவில்லை போலும். 1924-இல் அந்த நிறுவனத்துக்கு ஐபிஎம் என்று பெயர் மாறியது. 1930-களில் அவரை நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் சம்பாதிப்பவர் என்று பத்திரிகைகள் எழுதின. 1956 ஜூன் 19-ஆம் தேதி, 82 வயதில் அவர் காலமானார்.