கணினியில் கலை படைத்த மலேசிய ஓவியர்: யார் இந்த இஸ்மாயில் ஸைன்?

பீடோரில் கோவில் திருவிழாவுக்கு ஒரு பேனர் வேணும்னா, இன்னிக்கு ஒரு கைப்பேசி போதும். சாமி படம், கோபுரம், ஆலயத் தலைவர் முகம் என எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி அச்சுக்கடைக்கு அனுப்பிவிடலாம். இதே வேலையை 1988-இல் கணினியில் செய்து, கண்காட்சியில் கலையாக மாட்டினார் ஒரு மலேசியர். அவர்தான் இஸ்மாயில் ஸைன்.

ஓவியர், அதிகாரி

1930-இல் கெடா மாநிலம் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். லண்டனில் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்தார். நாடு திரும்பியபின் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். பிறகு கலாச்சாரத் துறையின் தலைமை இயக்குநர் பொறுப்பும் வந்தது.

கணினிக் கலை அப்போ புதுசா?

உலகத்துக்குப் புதுசு இல்லை. ஸ்டுட்கார்ட்டிலும் நியூயார்க்கிலும் 1965-லேயே கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அவை பெரும்பாலும் கணிதக் கட்டளைப்படி விழுந்த கோடுகள், வடிவங்கள்.

இஸ்மாயில் வேறு வழியில் போனார். ஏற்கெனவே இருந்த படங்களைக் கணினிக்குள் ஏற்றி, ஒன்றோடு ஒன்று இணைத்து, காகிதத்தில் அச்சிட்டார். கோலாலம்பூரில் நடந்த அந்தக் கண்காட்சியின் பெயரே 'டிஜிட்டல் கொலாஜ்'.

எதற்காகப் பேசப்படுகிறார்?

அதில் 'அல்-கிசா' என்ற படம் பிரபலம். மரத்தாலான மலாய் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நிற்கும். பல நாடுகளில் சக்கைப்போடு போட்ட 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் குடும்பம் அது. பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே ஒரு கேள்வியும் வரும். டிவி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டவர்கள் இன்னும் அந்நியர்கள்தானா? கலாச்சாரத் துறைக்குத் தலைமை தாங்கிய ஒருவரே இதைக் கேட்க வைத்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

அச்சுக்கலைக்கும் அது ஒரு சவால். மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி அச்செடுத்தால், அந்த அச்சு தேயும். எத்தனை பிரதி என்பதற்கு ஓர் அளவு இருக்கும். கணினிக் கோப்பு தேயாது. முதல் பிரதியும் நூறாவது பிரதியும் ஒன்றுதான் என்றால், எது அசல்? கையால் செய்யாத ஒன்றைக் கலை என்று ஏற்கலாமா?

இந்த விவாதம் சூடுபிடிக்கும் முன்பே, 1991-இல் இஸ்மாயில் காலமானார். அவர் முன்பு இயக்குநராக இருந்த தேசியக் கலைக்கூடமே 1995-இல் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி நடத்தியது.