முரசுக்குள் படை வைத்த வாசன்

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ளது கச்சிராயபாளையம். அந்த வட்டாரத்து மக்களுக்குத் தெருக்கூத்து புதிதல்ல. கூத்தில் பாரதப் போர் நடக்கும்போது எதிரெதிரே நிற்பவர்கள் இரண்டே பேர். சேனை இல்லை, யானை இல்லை. ஆனாலும் மக்கள் விடிய விடியக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். மோதுகிறவர்கள் யார், எதற்காக மோதுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுதான் காரணம்.

இந்த ரகசியத்தைச் சினிமாவில் கையாண்டு வெற்றி கண்டவர் எஸ். எஸ். வாசன்.

வாசன் 1904-ம் ஆண்டு திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் உழைப்பில் வளர்ந்தார். சென்னையில் விளம்பரத் தொழில் செய்தார். 1928-ல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கி நடத்தினார். பிறகு ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

அவர் முதன்முதலாக டைரக்ட் செய்த படம் 'சந்திரலேகா'. படம் முடியப் பல ஆண்டுகள் ஆயின. செலவு ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. படம் தோற்றால் ஸ்டூடியோவே கைவிட்டுப் போகும் நிலை.

கதை எளியது. நாட்டைக் கைப்பற்றிய கொடிய இளவரசன் சசாங்கன், சந்திரலேகாவை மணக்கத் துடிக்கிறான். அவளோ அவனுடைய அண்ணன் வீரசிம்மனை நேசிக்கிறாள். திருமணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடித்து, முரசு நடனம் வேண்டும் என்கிறாள். பெரிய பெரிய முரசுகள் வருகின்றன. அவற்றின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள். போர் மூள்கிறது!

கடைசியில் அண்ணனும் தம்பியும் வாளோடு மோதுகிறார்கள். எம். கே. ராதாவும் ரஞ்சனும் போட்ட அந்த நீண்ட கத்திச் சண்டை பெரும் புகழ் பெற்றது.

1948 ஏப்ரலில் தமிழ்ப் படம் வெளிவந்தது. கூட்டம் கூடியும் போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை. வாசன் அயரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். வடநாடே திரண்டு வந்து பார்த்தது.

1953-ல் வந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்த்தது. ஔவையின் வேண்டுதல் பலித்ததே என்று மக்கள் மகிழ்ந்தார்கள்.

வாசன் 1969-ல் காலமானார். இன்று கம்ப்யூட்டரால் லட்சம் வீரர்களைத் திரையில் நிறுத்திவிடலாம். ஆனால் அவர்களில் ஒருவனையாவது நமக்குத் தெரியாவிட்டால், எத்தனை தலை உருண்டாலும் கொட்டாவிதான் வரும். சந்திரலேகாவுக்கு என்ன ஆகுமோ என்று பதறியவர்கள், அந்த முரசுகளை ஆயுள் முழுதும் மறக்கவில்லை.