தொழிலாளர் தலைவர் ஜனாதிபதி ஆனார்!

1974-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி.

இந்தியா முழுவதும் ரெயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் சுமார் 17 லட்சம் பேர்.

அப்போது ஜனாதிபதி மாளிகையில் இருந்தவர் யார் தெரியுமா?

ஒரு காலத்தில் ரெயில்வே தொழிலாளர்களைத் திரட்டி, தாமே வேலை நிறுத்தம் நடத்திய வி.வி.கிரி!

வக்கீல் மகன்

கிரி 1894-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி பெர்காம்பூரில் பிறந்தார். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை ஜோகையா பந்துலு ஒரு வக்கீல்.

1913-ல் சட்டம் படிக்க அயர்லாந்து போனார் கிரி. அங்கே விடுதலைப் போராட்டம் நடந்து கொண்டிருந்தது. அதில் அவர் மனம் ஈடுபட்டது. 1916-ல் நாட்டை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது.

ஊர் திரும்பியவர் தொழிலாளர் பக்கம் நின்றார். அகில இந்திய ரெயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1928-ல் பெங்கால்-நாகபுரி ரெயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து, அமைதியான வேலை நிறுத்தத்தை நடத்தினார்.

பதவியை விட்டார்

1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் கிரி தொழிலாளர் மந்திரி ஆனார். 1952-ல் நேரு மந்திரிசபையிலும் அதே இலாகா கிடைத்தது.

முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தகராறைத் தீர்க்க வேண்டும். மேலே இருந்து தீர்ப்பைத் திணிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்குக் "கிரி வழி" என்றே பெயர் வந்தது.

1954-ல் சோதனை வந்தது. பாங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பு மன்றம் கொடுத்த சலுகைகளை அரசாங்கம் குறைத்தது. கிரி அதை ஏற்கவில்லை. மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்!

தொழிலாளர் மனதில் அவர் உயர்ந்து நின்றார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்

1969-ல் சுயேச்சையாகப் போட்டியிட்டு ஜனாதிபதி ஆனார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்றார். பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவு கிரிக்கு இருந்தது.

பிறகு வந்தது 1974. ரெயில்வே தொழிலாளர்கள் போனசும் சம்பள உயர்வும் கேட்டார்கள். பேச்சு முடியும் முன்பே, மே 2-ந் தேதி, தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். பல குடும்பங்கள் ரெயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. மே 27-ந் தேதி வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது.

"கிரி வழி" அங்கே செல்லவில்லை.

மந்திரிசபை சொல்கிறபடியே ஜனாதிபதி நடக்க வேண்டும். அது அரசியல் சட்டம். அடக்குமுறைக்கு உத்தரவிட்டவர் கிரி அல்ல. ஆனால், 1954-ல் பாங்கி ஊழியர்களுக்காகப் பதவியை விட்டவர், 1974-ல் விடவில்லை. ஆகஸ்டு மாதம் பதவிக் காலம் முடியும் வரை மாளிகையிலேயே இருந்தார்.

மறுஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. ரெயில்வே தொழிலாளர்களுக்குப் போனஸ் 1979-ல்தான் கிடைத்தது. 1980-ல் சென்னையில் கிரி காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிலையம் 1995 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சங்கம் கட்டிய கிரியைத் தொழிலாளி மறக்க முடியாது. 1974-ம் ஆண்டு மே மாதத்தையும் மறக்க முடியாது. நாற்காலி உயர உயரக் கை கட்டப்படுகிறது. கட்டை அவிழ்க்க ஒரே வழி, நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுதான். அந்த வழி கிரிக்குத் தெரியாதது அல்ல. ஒரு முறை அவரே நடந்து காட்டிய வழிதான்!