கல்லுக்கு அடியில் பார்த்த ஹோரா

பாலாறு எவ்வளவு கெட்டிருக்குன்னு கேட்டா, சிவில்காரங்க கை முதல்ல டிடிஎஸ் மீட்டரைத்தான் தேடும். தப்பில்ல. ஆனா மீட்டர் சொல்றது அதை முக்கின நிமிஷத்துத் தண்ணியைப் பத்தி மட்டும்தான். ராத்திரி கழிவு வந்து போயிருந்தா காலையில அதுக்குத் தெரியாது. ஆத்தடியில, கல்லுக்குக் கீழ, மாசக்கணக்கா குடியிருக்கிற பூச்சிகளுக்குத் தெரியும். நம்ம நாட்டு ஓடைகள்ல அந்த உயிர்களைப் பொறுமையா படிச்சவர் சுந்தர் லால் ஹோரா. விலங்கியல் படிக்கிற உங்க ஃப்ரெண்டைக் கேளுங்க, சாத்பூரா கருதுகோள்னு உடனே சொல்வாங்க. எனக்கு அதைவிட அவரோட ஓடைப் பூச்சிகள்தான் பிடிக்கும்.

1896-ல, இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற ஹாஃபிசாபாத்ல பிறந்தார். லாகூர்ல படிச்சார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல் கண்ணுல பட்டு, 1919-ல கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனார். மணிப்பூர், காசி மலைன்னு அலைஞ்சப்போ ஒரு கேள்வி அவரைப் பிடிச்சுக்கிச்சு: இவ்வளவு வேகமா ஓடுற தண்ணியில இந்தச் சின்ன உயிர்கள் எப்படி அடிச்சுட்டுப் போகாம இருக்கு?

நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற பவுண்டரி லேயரை நினைச்சுக்கோங்க. கல்லை ஒட்டின இடத்துல தண்ணி வேகம் குறைவு. மேஃப்ளையோட இளம்பூச்சிகள் பலது தட்டையா அங்கதான் படுத்திருக்கும். இன்னொரு பூச்சியோட புழுவுக்கு வயித்துல வரிசையா ஆறு உறிஞ்சிகள். மீன், பூச்சி, தலைப்பிரட்டைன்னு எல்லாத்தோட பிடிப்பு உறுப்புகளையும் ஒப்பிட்டு 1930-ல ராயல் சொசைட்டி இதழ்ல எழுதினார். உடம்பைப் பார்த்தே அது வாழுற தண்ணியைப் படிக்கலாம்னு காட்டின வேலை அது.

போர் சமயத்துல, 1942-ல, நிறுவனத்தோட சேகரிப்பைப் பாதுகாப்புக்காக வாரணாசிக்கு மாத்தினாங்க. மறு வருஷம் வருணா ஆத்துல வெள்ளம் வந்து நிறைய மாதிரிகள் நாசமாச்சு. ஆத்து உயிர்களை ஆறே வாங்கிக்கிச்சு! 1947-ல இயக்குநரான ஹோரா தலையில அதைச் சீரமைக்கிற பொறுப்பும் விழுந்துச்சு. 1955-ல சாகுற வரைக்கும் அந்தப் பதவியிலதான் இருந்தார்.

மாசை அளக்கிறது அவர் வேலையா இருக்கல. அதை 1900-கள்லயே ஜெர்மனியில கோல்க்விட்ஸ், மார்சன்னு ரெண்டு பேர் தொடங்கிட்டாங்க. பிறகு பிரிட்டன்ல பூச்சிக் குடும்பத்துக்கு 1 முதல் 10 வரை மார்க் போட்டாங்க. சுத்தமான தண்ணி கேக்குற மேஃப்ளை குடும்பங்கள் பலதுக்கு 10. மீன் தொட்டிக்கு வாங்குறீங்களே பிளட்வார்ம், அந்தக் குடும்பத்துக்கு வெறும் 2. நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே பாணியில ஒரு முறை வச்சிருக்கு. ஆனா மார்க் போட முதல்ல பூச்சி எந்தக் குடும்பம்னு தெரியணும். அங்கதான் ஹோரா தலைமுறையோட உழைப்பு நமக்குக் கைகொடுக்குது.

ஆம்பூர்ல இதை அப்படியே செய்ய முடியாது. பாலாறு வருஷத்துல பாதிக்கு மேல வெறும் மணல். பூச்சி இல்லைன்னா டேனரி உப்பும் குரோமியமும் காரணமா, இல்ல தண்ணியே இல்லாததா? பிரிச்சுச் சொல்லணும்னா, தண்ணி ஓடுற நாள்ல ஊருக்கு மேல ஒரு இடம், கழிவு கலக்குற இடத்துக்குக் கீழ ஒரு இடம், ரெண்டுலயும் ஒரே மாதிரி கல்லைப் புரட்டிப் பார்க்கணும்.