தங்கவயல் தொழிலாளர்களைத் தேடி வந்த அம்பேத்கர்

டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் 1954 ஜூலையில் கோலார் தங்கவயலுக்கு வந்தார். அப்போது அவர் அமைச்சர் அல்லர். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பண்டாரா இடைத்தேர்தலில் தோற்றிருந்தார், உடல்நிலையும் சரியில்லை. எனினும் மாரிகுப்பம், சாம்பியன் ரீப் குடியிருப்புகளின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவர் அயலார் அல்லர். வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கம் அங்கு முன்பே கிளை பரப்பியிருந்தது.

அரசியல் சட்டத்தின் சிற்பியாகவே அறியப்படும் அம்பேத்கரின் தொழிலாளர் இயக்கப் பணி போதிய அளவு பேசப்படுவதில்லை. 1891 ஏப்ரல் 14ஆம் தேதி மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த அவர், பம்பாயில் பரேல் பகுதி ஆலைத் தொழிலாளர்களிடையே குறுகிய குடியிருப்பு அறையில் நீண்ட காலம் வாழ்ந்தவர்.

தொழிற்சங்கத் தலைவர்களுடன் அவருக்கிருந்த உறவு எளிதானதல்ல. பம்பாய் ஆலைகளில் கூடுதல் கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோர் சேர்க்கப்படவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டியிருந்ததால், அவர்கள் தொட்ட நூலைத் தொட மற்றவர்கள் மறுத்தனர். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது இத்தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்குமாறு அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயக்கத்துடனேயே இணங்கினர். முதலாளியை எதிர்க்கும் சங்கம், தொழிலாளிக்குள் நிலவும் தீண்டாமையைக் கண்டும் காணாமல் இருக்கலாமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இக்கேள்விக்கு அன்றைய சங்கங்களிடம் நேர்மையான பதில் இல்லை என்றே கூற வேண்டும்.

1936-ல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடைபெற்ற ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரு பகைகள் என அடையாளம் காட்டினார். கருத்து வேறுபாடு கூட்டுப் போராட்டத்துக்குத் தடையாகவும் இல்லை. வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய பம்பாய் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே உள்ளிட்டோருடன் இணைந்து வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என முத்தரப்பும் அமர்ந்து பேசும் மாநாடுகள் தில்லியில் நடைபெறத் தொடங்கின. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அவரே இறங்கிப் பார்வையிட்டார். வாரப் பணி நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைய வழிவகுத்ததும் அவர் காலத்துப் பணியே. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதற்கான தடை தளர்த்தப்பட்டதும் அக்காலத்தில்தான். பெண்களுக்குச் சம ஊதியம் உண்டு எனச் சபையில் அவர் வாதாடியபோதிலும், கண்டனங்கள் ஓயவில்லை. 1946-ல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்கச் செய்யும் மசோதாவை 1943-ல் அவர் கொண்டு வந்தார். 1947-ல் நிறைவேறிய அத்திருத்தம் அமலுக்கு வரவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கோலார் தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால், பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் அங்கு நேரடியாகச் செல்லவில்லை. ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இயங்கிய சுரங்கங்களில் 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் பலியாயினர். அரசியல் சட்டத்திலும் சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இடம்பெற்றது.

1952-ன் முதல் பொதுத் தேர்தலில் இரட்டை உறுப்பினர் தொகுதியான தங்கவயல், கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ்.வாசனையும், அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் சம்மேளனத்தைச் சேர்ந்த பி.எம்.சாமிதுரையையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1938-ல் பம்பாயில் கைகோத்த இரு கொடிகளுக்கும் தங்கவயலில் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தது. ஆனால் இரு இயக்கங்களும் சங்கங்களைத் தனித்தனியாகவே நடத்தி வந்தன.

1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், டிசம்பர் 6ஆம் தேதி தில்லியில் காலமானார். சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையானதும் அதே ஆண்டில்தான். பின்னர் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்த அவை, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன.