கப்பலில் தோற்று, காரில் ஜெயித்த கருவி: டார்க் கன்வெர்ட்டரை உருவாக்கிய ஹெர்மான் ஃபோட்டிங்கர் யார்?

பழைய ஃபோர்டு காரின் கூட்டை எடுத்து, அதில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்தி, வீட்டு ஷெட்டிலேயே ஒரு காரைக் கட்டுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பொழுதுபோக்கு. இந்தக் கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். இன்ஜினைத் தேர்வு செய்தாச்சு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வாங்கியாச்சு. அதன்பிறகு பலரும் திணறுவது ஒரே ஒரு கேள்வியில்தான்: எந்த டார்க் கன்வெர்ட்டரைப் போடுவது?

தவறானதைப் போட்டால், எவ்வளவு பலமான இன்ஜினாக இருந்தாலும் வண்டி மந்தமாகக் கிளம்பும். இல்லையென்றால், கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்து, சில மாதங்களிலேயே செலவு வைக்கும்.

இந்தக் கேள்விக்கான விடை 120 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒரு வாழ்க்கையில் இருக்கிறது. அந்த மனிதர் கார் இன்ஜினியர் கிடையாது. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். பெயர் ஹெர்மான் ஃபோட்டிங்கர்.

யார் இந்த ஃபோட்டிங்கர்?

1877 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் படித்தது மின் பொறியியல். படிப்பை முடித்ததும், 1899-ல் ஸ்டெட்டின் நகரில் இருந்த வல்கன் கப்பல் கட்டும் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நகரம் இன்று போலந்தில் உள்ளது. இப்போதைய பெயர் ஷெட்சின்.

அங்கே அவர் முதலில் கைவைத்தது ஓர் அளவீட்டுப் பிரச்னையில். கப்பல் இன்ஜின் உண்மையில் எவ்வளவு சக்தியை புரொப்பல்லருக்கு அனுப்புகிறது என்பதைச் சரியாக அளக்க அப்போது நல்ல வழி இல்லை. சுழலும் தண்டு சுமையால் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து சக்தியைக் கணக்கிடும் கருவி ஒன்றை ஃபோட்டிங்கர் உருவாக்கினார்.

எங்கே, எவ்வளவு சக்தி வீணாகிறது என்று அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம் அவரை அடுத்த பெரிய சிக்கலுக்குக் கொண்டுபோனது.

கப்பலில் என்ன பிரச்னை?

அந்தக் காலகட்டத்தில்தான் நீராவி டர்பைன் கப்பல்களுக்குள் நுழைந்தது. டர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக வேலை செய்யும். புரொப்பல்லர் கதை நேர் எதிர். மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். இரண்டையும் ஒரே தண்டில் நேராகப் பூட்டினால் ரெண்டுக்குமே நஷ்டம்.

நடுவில் கியர் வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆயிரக்கணக்கான குதிரைத்திறனைத் தாங்கும் அளவுக்குப் பெரிய கியர்ப் பற்களைத் துல்லியமாக வெட்டுவது அன்றைக்குப் பெரும் சவால். அதோடு, டர்பைன் ஒரு பக்கமாகத்தான் சுழலும். கப்பலைப் பின்னோக்கி நகர்த்தத் தனி ஏற்பாடு வேண்டும்.

மின் பொறியியல் படித்தவர் என்பதால், மின்சாரம் வழியாகச் சக்தியைக் கடத்துவது பற்றியும் ஃபோட்டிங்கர் யோசித்தார். பிறகு தண்ணீர் பக்கம் திரும்பினார். டர்பைன் ஒரு பம்பைச் சுழற்றட்டும், பம்ப் தள்ளும் தண்ணீர் குழாய் வழியாகப் போய் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றட்டும், அந்தச் சக்கரம் புரொப்பல்லரைத் திருப்பட்டும் என்பது யோசனை. ஆனால் குழாயிலும் வளைவுகளிலும் ஏகப்பட்ட சக்தி வீணாகும் என்று கணக்கு காட்டியது.

அவர் எடுத்த முடிவு எளிமையானது. குழாயே வேண்டாம். பம்ப் சக்கரத்தையும் டர்பைன் சக்கரத்தையும் ஒரே பெட்டிக்குள் எதிரெதிரே நெருக்கமாக வைத்துவிட்டார். 1905 ஜூன் 24 தேதியிட்ட அவருடைய ஜெர்மன் காப்புரிமை இதற்குத்தான். இன்று உலகம் முழுக்க ஓடும் டார்க் கன்வெர்ட்டர்களின் தொடக்கம் அதுதான்.

டார்க் கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்று பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை, காற்று மட்டும்தான். கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் திரவம். ஃபோட்டிங்கர் கப்பலில் பயன்படுத்தியது தண்ணீர். இன்றைய கார்களில் எண்ணெய்.

ஆனால் இது பாதிக் கதைதான். இரண்டு சக்கரம் மட்டும் இருந்தால், உள்ளே போகும் முறுக்கு விசைதான் வெளியே வரும், அதற்கு மேல் வராது. அதற்குப் பெயர் ஃப்ளூயிட் கப்ளிங். ஃபோட்டிங்கர் செய்த பெரிய வேலை, நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தை அசையாமல் நிறுத்தியது. இதை ஸ்டேட்டர் என்கிறோம்.

டர்பைன் சக்கரத்தை விட்டு வெளியே வரும் திரவம் தவறான திசையில் பாயும். அப்படியே விட்டால் பம்பை எதிர்த்துத் தடுக்கும. ஸ்டேட்டரின் இதழ்கள் அந்தப் பாய்ச்சலைத் திருப்பி, பம்புக்கு உதவும் திசையில் அனுப்புகின்றன. விளைவு, வெளியே வரும் சுழற்சி வேகம் குறைகிறது, முறுக்கு விசை கூடுகிறது. கியர் மாற்றாமலேயே கியர் மாற்றிய பலன்!

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலாது. அந்த வித்தியாசத்தை 'ஸ்லிப்', அதாவது வழுக்கல் என்பார்கள். வழுக்கலில் இழக்கும் சக்தி எல்லாம் சூடாக மாறும். இந்தச் சூடுதான் ஃபோட்டிங்கரின் கப்பல் கனவை முடித்து வைத்தது. ஹாட் ராட் கட்டுபவர் இன்றும் பயப்படுவது இதற்குத்தான்.

கப்பலில் ஏன் தோற்றது?

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1909-ல் 'ஃபோட்டிங்கர் டிரான்ஸ்ஃபார்மேட்டர்' என்ற சோதனைக் கப்பல் ஓடியது. 80 சதவீதத்துக்கு மேல் சக்தி புரொப்பல்லருக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னோக்கிச் செல்வதும் சுலபமானது. 1913-ல் 'கோனிகின் லூயிஸ்' என்ற பயணிகள் கப்பலில் இந்தக் கருவி இடம்பிடித்தது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். கடலில் கண்ணிவெடி வைக்கும் கப்பலாக மாற்றப்பட்ட அது, 1914 ஆகஸ்ட் 5 அன்று மூழ்கடிக்கப்பட்டது. அந்தப் போரில் ஜெர்மன் கடற்படை இழந்த முதல் கப்பல் அதுதான்.

இன்னொன்று, 1913 இறுதியில் கடலில் இறக்கப்பட்ட 'டிர்பிட்ஸ்' என்ற பெரிய பயணிகள் கப்பல். போருக்குப் பிறகு கனடிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், 'எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா' ஆனது. 1923 செப்டம்பர் 1 அன்று ஜப்பானைப் பெரும் பூகம்பம் உலுக்கியபோது, அது யோகோஹாமா துறைமுகத்தில்தான் நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு அந்தக் கப்பல் அடைக்கலம் கொடுத்தது.

ஆனால் அதன் உரிமையாளர்களுக்குத் திருப்தி இல்லை. வேகம் போதவில்லை, எரிபொருள் செலவும் அதிகம். 1926-27-ல் ஃபோட்டிங்கர் கருவியோடு பழைய டர்பைன்களையும் கழற்றிவிட்டு, கியர் பொருத்திய டர்பைன்களைப் போட்டார்கள். வேகம் கூடியது, செலவு குறைந்தது.

காரணம் என்னன்னா, இடைப்பட்ட காலத்தில் துல்லியமான பெரிய கியர்களை வெட்டும் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. நல்ல கியரில் இழப்பு சில சதவீதம்தான். நாள்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் கப்பலில், கன்வெர்ட்டரின் இழப்பு ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருளைத் தின்றது.

சாலையில் எப்படி ஜெயித்தது?

இதற்குள் ஃபோட்டிங்கர் கப்பல் தளத்தை விட்டுப் பேராசிரியர் ஆகியிருந்தார். 1909-ல் டான்சிக், 1924-ல் பெர்லின். திரவங்கள் எப்படிப் பாய்கின்றன என்பதே அவருடைய வாழ்நாள் பாடம். 100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு.

கப்பலுக்கு நேர்மாறானது சாலை வாகனம். நிற்கும், கிளம்பும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முறுக்கு விசை அதிகம் தேவை. கிளம்பியபின் அவ்வளவு தேவையில்லை. அதாவது, கன்வெர்ட்டர் எதில் கெட்டியோ அதுதான் இங்கே தினசரி வேலை.

1920-களின் இறுதியில், கார்ல்ஸ்ரூஹே நகரைச் சேர்ந்த பொறியாளர்கள் இதில் ஒரு முக்கிய மாற்றம் செய்தார்கள். வண்டி வேகம் பிடித்ததும் ஸ்டேட்டர் தானாகச் சுழல விட்டுவிடும் அமைப்பு அது. 'டிரைலாக்' என்று பெயர். ஸ்டேட்டர் சுழலத் தொடங்கியதும் கன்வெர்ட்டர் வெறும் ஃப்ளூயிட் கப்ளிங்காக மாறி, இழப்பு குறையும்.

அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. அதில் இருந்தது ஃப்ளூயிட் கப்ளிங். டார்க் கன்வெர்ட்டரோடு பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ 1948 மாடல்களில் வந்தது. 1949-ல் பேக்கார்டு நிறுவனம், வேகம் பிடித்ததும் வழுக்கலே இல்லாமல் பூட்டிக்கொள்ளும் லாக்-அப் கிளட்ச்சைச் சேர்த்தது.

இதையெல்லாம் பார்க்க ஃபோட்டிங்கர் உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில், 1945 ஏப்ரல் 28 அன்று, பெர்லினுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 68. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் துறையில் இயங்கிய ஆய்வு நிலையம் பின்னர் அவர் பெயரைத் தாங்கியது.

சரி, ஹாட் ராடுக்கு எதைத் தேர்வு செய்வது?

கப்பலில் தோற்றதும் காரில் ஜெயித்ததும் ஒரே கருவிதான். மாறியது, அது ஓடிய விதம். ஹாட் ராடுக்கும் முதல் கேள்வி இதுதான்: உங்கள் கார் எப்படி ஓடப் போகிறது?

இங்கே பார்க்க வேண்டிய எண் 'ஸ்டால் வேகம்'. பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாகக் கொடுத்தால், கன்வெர்ட்டர் இன்ஜினை எந்த ஆர்.பி.எம் வரை ஏற விடுகிறதோ அதுவே ஸ்டால் வேகம். சாதாரண கார்களில் இது பொதுவாக 1,500 முதல் 2,000-க்குள் இருக்கும்.

* கேம்ஷாஃப்ட்டைப் பாருங்கள்: பந்தய வகை கேம் போட்டால், இன்ஜினின் பலம் 2,500 அல்லது 3,000-க்கு மேல்தான் எழும்பும். அதற்கு 1,700 ஸ்டால் கன்வெர்ட்டரைப் பூட்டினால், சிக்னலில் கிளம்பும்போது இன்ஜின் திணறும். பலம் தொடங்கும் இடத்தை ஒட்டியே ஸ்டால் இருக்க வேண்டும்.

* நெடுஞ்சாலை வேகத்தைப் பாருங்கள்: சீரான வேகத்தில் இன்ஜின் 2,200-ல் ஓடுகிறது, ஸ்டால் 3,500 என்று வைத்துக்கொள்வோம். அப்படின்னா வழுக்கல் நிற்கவே நிற்காது. சூடு ஏறிக்கொண்டே போகும். 'எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா'வுக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். நீண்ட பயணம்தான் திட்டம் என்றால் ஸ்டாலைக் குறையுங்கள், அல்லது லாக்-அப் உள்ள கியர்பாக்ஸை எடுங்கள்.

* எடையைச் சொல்லுங்கள்: பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்டால் எண் நிலையானது இல்லை. அதே கன்வெர்ட்டர், முறுக்கு விசை அதிகமுள்ள இன்ஜினில் கூடுதல் ஸ்டால் காட்டும். எடை குறைந்த காரில் அந்த அளவுக்கு ஏறாது, வண்டி முன்பே நகர்ந்துவிடும். ஹாட் ராட் பெரும்பாலும் எடை குறைந்த வண்டி. அதனால் எடை, இன்ஜின், பின் ஆக்ஸில் விகிதம், டயர் அளவு எல்லாவற்றையும் தயாரிப்பாளரிடம் சொல்லிக் கேட்பதே நல்லது.

* கூலரை மறக்காதீர்கள்: உயர்ந்த ஸ்டால் என்றால் கூடுதல் சூடு. கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனி கூலர் கட்டாயம் வேண்டும்.

* பூட்டும்போது கவனம்: கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் பம்புக்குள் முழுசாக உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தால், போல்ட் போடும் முன் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் பம்ப் உடையும்.

ட்ராக்கில் சில விநாடி மட்டும் சீறும் காருக்கு வழுக்கல் லாபம். குடும்பத்தோடு தூரம் போகும் காருக்கு அது நஷ்டம். பலரும் கடையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். வண்டி வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தச் சாலையில் ஓடும் என்று எழுதிவைத்துவிட்டு ஆர்டர் கொடுத்தால், அந்தத் தவறு நடக்காது.