அன்னி பெசன்ட் அம்மையாரும் கண்ணுக்குத் தெரியாத அரசாங்கமும்

உலகத்தை உண்மையில் ஆள்பவர்கள் மந்திரிகளோ அதிபர்களோ அல்லர், திரைக்குப் பின்னால் இருக்கும் சில இரகசியச் சங்கங்களே என்று சொல்வோர் எல்லாக் காலத்திலும் உண்டு. முன்பு டீக்கடையில் பேசியதை இன்று கைபேசியில் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி ஒரு மறைமுக அரசாங்கம் இருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பி, அதன் கட்டளைப்படியே தாம் நடப்பதாகச் சொல்லி, 40 ஆண்டுக்காலம் நம் நாட்டில் வாழ்ந்தவர் டாக்டர் அன்னி பெசன்ட் அம்மையார். அவர் கதையின் முக்கியமான பகுதி நம் மதனப்பள்ளிக் குடும்பம் ஒன்றைச் சுற்றியே நடந்தது. ஆகவே சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழர்களுக்கு இது வெளியூர்க் கதை அல்ல.

1847 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தவர் அம்மையார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1867-ல் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு குழந்தைகள். ஆனால் அம்மையாருக்குக் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை போய்விட்டது. 1873-ல் கணவரைப் பிரிந்தார். நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து 1877-ல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டு, அதற்காகக் கோர்ட்டில் நின்றார். மறு ஆண்டு, 1878-ல், நாத்திகம் பேசுகிறவர், இப்படிப்பட்ட நூலை வெளியிட்டவர் என்ற காரணங்களைக் காட்டி, மகள் மேபலைக் கோர்ட்டார் அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டார்கள். பெற்ற தாய் கொண்ட கொள்கைக்காகக் குழந்தையைப் பறிகொடுத்தார். வாசகர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சோஷலிஸ்ட் ஆனார். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்று வெற்றி பெற்றார். மறு ஆண்டே பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலுக்கு மதிப்புரை எழுதப் படித்தவர், அவருடைய சிஷ்யையாகிவிட்டார். கடவுளே இல்லை என்றவர், கண்ணுக்குத் தெரியாத மகான்களை ஏற்றுக்கொண்டார்!

பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1882-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தது. மதங்களை ஒப்பிட்டுப் படிப்பது, மனித சகோதரத்துவம் இவையெல்லாம் வெளியில் தெரிந்த நோக்கங்கள். அதற்குள்ளேயே 1888-ல் ஓர் உள்வட்டம் ஏற்பட்டது. அதில் சேருகிறவர் இரகசியப் பிரமாணம் எடுக்க வேண்டும். இமயத்துக்கு அப்பால் வாழும் மகான்கள் சிலர் உலகத்தின் போக்கைக் கவனித்து நடத்துகிறார்கள், தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கடிதம்கூட அனுப்புகிறார்கள் என்பது நம்பிக்கை. அடையாற்றில் ஒரு பேழையில் இந்தக் கடிதங்கள் தாமாகவே வந்து விழுந்ததாகச் சொல்லப்பட்டது. லண்டனிலிருந்து ஆராய வந்த ஹாட்ஜ்சன் என்பவர் 1885-ல் இவை வெறும் ஏமாற்று என்று அறிக்கை கொடுத்தார். பிளாவட்ஸ்கி 1891-ல் காலமான பின்பு, அமெரிக்கத் தலைவர் ஜட்ஜ் தமக்கும் மகான்களின் கடிதம் வருகிறது என்றார். அவை போலி என்று குற்றம் சாட்டியவர் பெசன்ட் அம்மையாரே. உலகத்தையே நடத்துகிறவர்களின் கையெழுத்து எது என்பதில் சண்டை முற்றி, 1895-ல் அமெரிக்கக் கிளை பிரிந்து போயிற்று.

இதற்கு முன்பே, 1893 நவம்பர் 16-ந் தேதி, அம்மையார் தூத்துக்குடியில் வந்து இறங்கியிருந்தார். 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். 1907-ல் சபையின் தலைவரானார். பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் பிரீமேசன் சங்கத்திலும் அவர் முக்கியஸ்தர். இரகசியச் சங்கம் என்றாலே இன்று எல்லோரும் சொல்வது பிரீமேசன்களைத்தானே!

இனி மதனப்பள்ளி. பாகாலா வழியாகத் தர்மாவரம் போகும் ரயிலில் ஏறி மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால், ஊருக்குப் போக மறுபடியும் பஸ் பிடிக்க வேண்டும். பெயரில் ரோடு இருப்பதன் பொருள் அதுதான். இந்த ஊரில் 1895 மே மாதம் ஜிட்டு நாராயணய்யாவின் எட்டாவது குழந்தையாகக் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். அப்போது ஊர் கடப்பை ஜில்லாவைச் சேர்ந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்து, 2022 வரை அதிலேயே இருந்தது. நாராயணய்யா ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர், பழைய பிரம்மஞானி. மனைவி சஞ்சீவம்மா 1905-ல் காலமானார். ரிட்டையரான பிறகு, 1909 ஜனவரியில், தாயில்லாப் பிள்ளைகளுடன் அடையாற்றுக்கு வந்து சபையில் ஒரு வேலையில் அமர்ந்தார்.

அந்த ஆண்டே கடற்கரையில் அந்தப் பையனைக் கண்டார் லெட்பீட்டர். சபையில் ஞானதிருஷ்டி உள்ளவராகக் கருதப்பட்ட இந்த ஆங்கிலேயர்மீது 1906-லேயே சிறுவர்கள் சம்பந்தமாகப் புகார் எழுந்து, சபையை விட்டு விலகித் திரும்பி வந்திருந்தார். பையனைச் சுற்றி மாசற்ற ஒளி தெரிகிறது, வரப்போகும் ஜகத்குரு இவன் உடலில்தான் இறங்குவார் என்றார். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று அடிவாங்கிய பையன் அவன். அம்மையார் நம்பினார். 1910 மார்ச்சில் நாராயணய்யா கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அம்மையாரின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். 1911-ல் ஜகத்குருவை வரவேற்க நட்சத்திர சங்கம் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் அதே ஆண்டு ஜூனில்தான். உயிரைப் பணயம் வைத்த அந்த உண்மையான இரகசியச் சங்கத்தைப் போலீசார் சில மாதங்களில் பிடித்துவிட்டார்கள். மகான்களின் சங்கமோ உறுப்பினர் அட்டை கொடுத்து, பத்திரிகை நடத்தி, பகிரங்கமாக வளர்ந்தது.

பிள்ளைகளை லெட்பீட்டரிடம் நெருங்க விடக் கூடாது என்பது நாராயணய்யாவின் கோரிக்கை. அதை அவர்கள் மதிக்கவில்லை என்று கண்டதும், 1912-ல் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்கு வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். அம்மையார் தம் வழக்கைத் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டில் ஜஸ்டிஸ் பேக்வெல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர்மீது சொன்ன குறிப்பிட்ட குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனாலும் அவருடைய கருத்துகளைப் பார்த்தால் சிறுவர்களோடு பழகத் தகுதியற்றவர் என்பது நீதிபதியின் முடிவு. அப்பீலும் தோற்றது. ஆனால் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1914-ல் பிரிவி கவுன்சில், இந்த வழக்கைச் செங்கல்பட்டு கோர்ட்டில் தொடுத்ததே சரியல்ல, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்கவில்லை என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. தந்தை கொடுத்த பொறுப்பை அவரே திரும்பப் பெறலாம் என்ற கொள்கையையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. சட்டம் நாராயணய்யாவுக்கு, பிள்ளைகள் அம்மையாருக்கு!

லண்டனில் மகளைப் பறிகொடுத்து நின்ற தாய், 36 ஆண்டு கழித்து வேறொருவர் பிள்ளைகளை விட மறுத்து நின்றதை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளைத் தாய்போல நேசித்தார், கிருஷ்ணமூர்த்தியும் அவரை அம்மா என்றே அழைத்தார். ஆனால் உலகை நடத்துகிறவர்களின் உத்தரவு தம்மிடம் இருக்கிறது என்று நம்பியவருக்கு, ஒரு ரிட்டையரான உத்தியோகஸ்தரின் மனக்குறை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? பாரதியார் புதுவையிலிருந்து 1914-ல் பொன்வால் நரி என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதி அம்மையாரைக் கேலி செய்தது இந்தக் கட்டத்தில்தான்.

அவருடைய உண்மையான சாதனைகளைப் பார்த்தால், எதுவும் இரகசியமாக நடந்ததில்லை. 1914-ல் நியூ இந்தியா பத்திரிகை. 1915-ல் மதனப்பள்ளியில் கல்லூரி. 1916-ல் ஹோம்ரூல் லீக். சுயராஜ்ய வேலையைச் செய்யச் சொன்னது அகத்திய முனிவர் என்றும், மறைமுக அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பாளர் அவரே என்றும் அம்மையார் கருதினார். நம் பொதிகைமலை அகத்தியருக்கு இப்படியும் ஓர் உத்தியோகம்! ஆனால் ஜனங்களைத் திரட்டியது பத்திரிகையும் மேடைப் பேச்சும்தான். 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அம்மையார், அருண்டேல், வாடியா மூவரும் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார்கள். அங்கேயும் சிவப்பும் பச்சையுமான ஹோம்ரூல் கொடியை ஏற்றினார் அந்த 69 வயதுக் கிழவி. சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு முறையிட்டு எழுதிய கடிதத்தை அமெரிக்கத் தம்பதி ஒருவர் மறைத்து எடுத்துச் சென்றார்கள். இந்தக் கதை முழுவதிலும் காரியத்துக்கு உதவிய இரகசியம் அது ஒன்றுதான். நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பரில் விடுதலை. எதிர்த்து வாதாடிய அதே சி.பி. இப்போது அவருக்கு வலதுகை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு அம்மையாரே தலைவர். காந்திஜியின் ஒத்துழையாமை வந்தபோது அதை எதிர்த்து, செல்வாக்கை இழந்தார்.

1925-ல் நித்யானந்தாவுக்குக் காசநோய் முற்றியது. ஜகத்குருவின் வேலைக்கு அவர் தேவை, ஆகவே மகான்கள் அவரைச் சாக விடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள், கிருஷ்ணமூர்த்தி உட்பட. அம்மையாருடன் அவர் இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது தந்தி வந்தது. நவம்பர் 13-ந் தேதி கலிபோர்னியாவில் தம்பி காலமாகிவிட்டார். நாள்கணக்கில் அழுதார் அண்ணன். அதன் பிறகு அவர் பழைய கிருஷ்ணமூர்த்தி இல்லை.

1929 ஆகஸ்டு 3-ந் தேதி, ஹாலந்து நாட்டில் ஓமன் என்ற ஊரில், அம்மையாரும் ஆயிரக்கணக்கான பக்தர்களும் கேட்டுக்கொண்டிருக்க, கிருஷ்ணமூர்த்தி நட்சத்திர சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்குப் போட்ட பாதை கிடையாது, எந்த ஸ்தாபனமும் அதற்கு அழைத்துச் செல்லாது என்பது அவர் சொன்னதன் சாரம். சங்கத்துக்குக் கிடைத்திருந்த மாளிகையும் நிலமும் கொடுத்தவரிடமே திரும்பின. மறைந்திருந்து உலகை ஆள்வதாகச் சொல்லப்பட்ட சபை, தான் பொறுக்கி எடுத்து, கோர்ட் ஏறிக் காப்பாற்றி, 20 ஆண்டு வளர்த்த ஒரு பையனைக்கூட ஆள முடியவில்லை.

82 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார் அவரைக் கோபிக்கவில்லை. மகான்களையும் கைவிடவில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் எப்படி வைத்துக்கொண்டார் என்பது அவருக்கே வெளிச்சம். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலியில் கிருஷ்ணமூர்த்தியின் பள்ளிக்கூடம் வேரூன்றத் தொடங்கிய காலத்தில் அம்மையாரின் ஞாபகசக்தி மங்கிவிட்டது. 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் காலமானார். இந்து முறைப்படி அங்கேயே தகனம் நடந்தது. அஸ்தியில் ஒரு பகுதி கங்கைக்குப் போயிற்று.